பிரிக்ஃபீல்ட்ஸ் வழியாகப் போன பாட்டு

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு ரயிலேறும் ஒரு வாலிபனின் கதை, ‘எக்ஸ்பிரஸ் ரக்யாட்’ என்ற மலாய்ப் பாட்டு. அந்தப் பெயரில் ரயில் நிஜமாகவே ஓடியது. தஞ்சோங் பகாரில் புறப்பட்டு ஜொகூரைத் தாண்டி வந்த தெற்கத்தி வண்டிகள் பழைய கோலாலம்பூர் நிலையத்துக்குள் நுழையுமுன் பிரிக்ஃபீல்ட்ஸைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கேதான் 1905இல் கட்டிய ‘ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்’ வீடுகள் வரிசையாக நின்றன. இன்று கேஎல் சென்ட்ரல் இருக்கும் இடம் அன்று ரயில்வே யார்டு. யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் தமிழ்நாட்டுத் தொழிலாளிகளும் குடும்பம் நடத்திய பேட்டை அது.

பாட்டைப் பாடியது ‘கெம்பாரா’ குழு. 1981இல் தொடங்கியது, 1986க்குள் கதை முடிந்தது. எம். நாசிர், ஏ. அலி, எஸ். சஹ்லான் என்று மூன்று பேர். நாசிர் 1957இல் சிங்கப்பூரில் பிறந்தவர். கிட்டாரும் நாட்டுப்புற மெட்டும் கலந்து பாட்டாளி, மீனவன், தெருப்பாடகன் என்று சாமானியர்களைப் பாடினார்கள். ‘பெர்ஜுவாங்கான்’, ‘ஜெனராசிக்கு’, ‘1404 ஹிஜ்ரா’ என ஆல்பங்கள் அடுத்தடுத்து வந்தன. 1986இல் நாசிர் ஜானி இயக்கிய ‘கெம்பாரா செனிமான் ஜாலானான்’ படத்தில் எம். நாசிரே நடித்தார்.

இங்கிலாந்தின் ‘வாம்!’ இரட்டையருக்கும் அதே 1981, அதே 1986. பிரியும்போது ‘தி ஃபைனல்’ என்று தங்கள் சிங்கிள்களைத் திரட்டி ஒரு தொகுப்பை விட்டுப் போனார்கள். அங்கே அப்படித் தொகுப்பது சுலபம். ஒவ்வொரு பாட்டும் முதலில் தனி இசைத்தட்டாகக் கடைக்கு வந்து, பட்டியலில் ஏறி இறங்கி, தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தது.

மலேசியாவில் அந்த வழக்கம் அறுபதுகளின் ‘பாப் யே யே’ இசைக் காலத்தோடு தேய்ந்துவிட்டது. அப்போது நான்கு பாட்டு கொண்ட சின்ன இசைத்தட்டுதான் ராஜா. எண்பதுகளில் கேசட் அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. கேசட்டில் ஒரு பாட்டை மட்டும் வாங்க முடியாது. முழு ஆல்பத்துக்கும் காசு கொடுத்தாக வேண்டும். எந்தப் பாட்டு ‘ஹிட்’ என்று முடிவு செய்ததில் அரசின் ஆர்டிஎம் வானொலிக்குப் பெரிய பங்கு. 1984இல் டிவி3 வந்த பிறகு தொலைக்காட்சியும் சேர்ந்துகொண்டது.

தொகுப்புக் கலையில் கம்பெனிகளைவிடத் தேர்ந்தவர்கள் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) கடைக்காரர்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. இந்த ஆல்பத்தில் இரண்டு, அந்த ஆல்பத்தில் மூன்று என்று உருவி, மங்கலாக அச்சடித்த அட்டையைச் செருகித் திருட்டுக் கேசட் விற்றார்கள். புதிய காப்புரிமைச் சட்டம் 1987 டிசம்பர் 1 அன்று நடப்புக்கு வந்தது. ஆனாலும் வியாபாரம் ஒரே நாளில் படுத்துவிடவில்லை. கிள்ளானில் இளையராஜா கேசட் வாங்கப் போனவர் காதிலும் இந்த மலாய்ப் பாட்டுகள் விழத்தானே செய்யும்?

முறையான தொகுப்புகளிலும் ஒரு குறை உண்டு. காதல் பாட்டு முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். கோபமான பாட்டு கடைசிக்குப் போகும், அல்லது காணாமல் போகும். கெம்பாரா மாதிரி குழுவுக்கு இது அநியாயம். அவர்களின் பலமே இரண்டாவது வகையில்தான். வரிசை கலைந்தால் முதல் ஆல்பத்துக்கும் கடைசி ஆல்பத்துக்கும் நடுவே குரலும் அரசியலும் எப்படி மாறின என்பது தெரியாமல் போகிறது. பாடல் வரிகள் அச்சிட்டு மடித்து வைத்திருந்த அந்த அசல் கேசட் அட்டைகளில் இந்த வரிசை இருந்தது.

குழு கலைந்ததும் நாசிர் சும்மா இருக்கவில்லை. 1994இல் ‘தான்யா சாமா இத்து ஹுட் ஹுட்’ பாட்டுக்கு டிவி3இன் ஜுவாரா லாகு பட்டம்; 2004இல் ‘புத்ரி குனுங் லேடாங்’ படத்தில் ஹங் துவா வேடம். அவர் மெட்டமைத்துக் கொடுத்த குழுக்களில் ‘அல்லிகேட்ஸ்’ நமக்கு நெருக்கமானது. மலாய்ப் பாப்பில் கொடிகட்டிப் பறந்த அந்தக் குழுவின் முன்னணிப் பாடகர்கள் டேவிட், லோகநாதன் என்ற ஆறுமுகம் சகோதரர்கள்.

அடுத்த வாரம்: பினாங்கிலிருந்து ஹாங்காங் போய்த் திரும்பிய அந்தச் சகோதரர்கள்.