மலை தந்த அறிவும் மலைக்குத் திரும்பாத ஏடுகளும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை நோக்கிச் செல்லும் சாலை, கோமுகி அணையைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை சமவெளியில் வாழும் நமக்கு அருவிகளாலும் தேனாலும் கடுக்காயாலும் அறிமுகமானது. ஆனால் நூறாண்டுகளுக்கும் மேலாக இம்மலை வெளியுலகுக்கு வழங்கிவரும் வேறொன்றைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதுதான் அறிவு. மலையாளி என வழங்கப்படும் இம்மலைவாழ் பழங்குடியினர் தம் வரலாற்றையும் வழக்காறுகளையும் மூலிகை அறிவையும் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வந்துள்ளனர். கேட்டவர்கள் அவற்றை எழுதினர், அச்சிட்டனர், பட்டம் பெற்றனர். எழுதப்பட்டவை சொன்னவர்களிடம் திரும்பிச் சென்றனவா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் வினா.

ஏடுகளில் ஏறிய மலை

கள்ளக்குறிச்சி நெடுங்காலம் தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு வட்டமாக இருந்தது. 1993இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019இல் தனி மாவட்டமாயிற்று. ஆங்கிலேயர் ஆட்சியில் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு 1883இலும், டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி 1906இலும் வெளிவந்தன. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டார். மலையாளிகளைப் பற்றிய நீண்ட பதிவு ஒன்று அதில் உண்டு.

அப்பதிவில் நம் கவனத்திற்குரிய மரபுச் செய்தி ஒன்று காணப்படுகிறது. இம்மக்களின் முன்னோர் காஞ்சிபுரத்தில் வாழ்ந்தவர்கள் என்றும், தென்னிந்தியாவில் முஸ்லிம் ஆட்சி மேலோங்கியிருந்த காலத்தில், சுமார் பத்துத் தலைமுறைகளுக்கு முன், சகோதரர் மூவருடன் மலைகளுக்குக் குடிபெயர்ந்தனர் என்றும் அம்மரபு கூறுகிறது. தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டுகள் எனக் கொண்டால் இது 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சுட்டும். கோல்கொண்டா, பீஜப்பூர் படைகள் தமிழகத்தின் வடபகுதிக்குள் நுழைந்த காலம் அது. ஆயினும் ‘பத்துத் தலைமுறை’ என்பது வாய்மொழி மரபில் ‘நெடுங்காலம்’ என்ற பொருளையும் தரக்கூடியது. ஒரு மக்கள் தம் இடப்பெயர்வுக்குக் கூறும் காரணமும், அதிகாரி ஒருவர் அதை எழுதும் முறையும், பின்வந்தோர் அதை எடுத்தாளும் நோக்கமும் வெவ்வேறானவை. இத்தகைய கூற்றை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ முன்னர் மூலத்தைப் பார்த்தாக வேண்டும். ஒரு காலத்தில் அதற்குப் பெருநகர் நூலகத்தின் அனுமதி தேவைப்பட்டது. இன்று தர்ஸ்டனின் தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ், குட்டன்பர்க் திட்டம் ஆகிய மின்னூலகங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நம்மைப் பற்றியும் அம்மக்களைப் பற்றியும் ஒருசேரச் சொல்லப்பட்ட ஒரு செய்தியை இரு சாராரும் தாமே ஆராய்ந்து பார்க்கும் வாய்ப்பு இதனால் பிறந்தது.

பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்களின் நிலை இது. புதிய ஆய்வுகளின் நிலை வேறு. கல்வராயன் மலையின் தாவரங்கள், மருத்துவ வழக்காறுகள், நிலவுரிமை, கல்வி, உடல்நலம் ஆகியவை பற்றி அண்மைப் பதிற்றாண்டுகளில் பல ஆய்வேடுகளும் கட்டுரைகளும் எழுதப்பட்டுள்ளன. அவற்றுட் சில எவரும் படிக்கத் திறந்திருக்கின்றன. வேறு சில சந்தா செலுத்திய நிறுவனங்களுக்கு மட்டுமே உரியவை.

ஆய்வேடு சான்றாகும் இடம்

ஆய்வுக் கட்டுரையைப் படிக்க முடியாததால் ஒரு மலைக் கிராமத்திற்கு என்ன குறைந்துவிடும் என்று சிலர் கேட்கலாம். இம்மலையின் அண்மை வரலாறே அதற்கு விடை தருகிறது.

கல்வராயன் மலை சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் பெயர்களால் வழங்கிய மூன்று ஜாகிர்களின் ஆளுகையில் இருந்தது. ‘ஜாகிர்’ என்னும் பாரசீகச் சொல்லே இந்த நிலமுறையின் பின்னணியை ஓரளவு உணர்த்தும். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1976இல், இம்மலை அரசின் நேரடி நிர்வாகத்திற்குள் வந்தது. ஆகவே உழுதவன் கையில் பட்டா இல்லாத நிலை இங்கே வியப்புக்குரியதன்று.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வனநிலத்தில் வாழ்ந்து பயிரிட்டு வரும் பழங்குடியினரின் உரிமையை ஏற்கிறது. அவ்வுரிமையை நிலைநாட்ட எவை சான்றாகும் என்பதை 2008இல் வெளியான அதன் விதிகள் வரையறுக்கின்றன. மாவட்ட விவரச்சுவடிகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள், இடைநிலை ஆட்சியாளர்களின் ஆவணங்கள் ஆகியவற்றுடன், பெயர்பெற்ற நிறுவனங்கள் வழக்காறுகளைப் பதிவுசெய்த ஆய்வுகளும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. அதாவது, ஒரு மலைக் கிராமத்தின் பயிரிடும் முறை பற்றியோ வனப் பயன்பாடு பற்றியோ எழுதப்பட்ட ஆய்வு, அக்கிராமத்தாரின் உரிமைக் கோரிக்கைக்குத் துணைநிற்கக்கூடும். அது பூட்டிய அலமாரியிலோ கட்டணச் சுவருக்கு அப்பாலோ இருக்குமாயின், சொன்னவரின் சொல்லே சொன்னவருக்குச் சான்றாக உதவாமற் போகிறது.

வக்ஃபாக விடப்பட்ட நூல்கள்

அறிவை அடைய எளியோருக்கும் வழியமைத்துக் கொடுப்பது இணையம் பிறப்பித்த எண்ணமன்று. கெய்ரோவில் 1005இல் நிறுவப்பட்ட தாருல் இல்மில், படிக்கவும் படியெடுக்கவும் வருவோருக்கு மையும் எழுதுகோலும் தாளும் வழங்கப்பட்டன. புவியியல் அறிஞர் யாகூத் அல்ஹமவி, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்திய ஆசியாவின் மர்வ் நகரில் தங்கியிருந்தார். அங்கே வக்ஃபாக விடப்பட்ட பத்து நூலகங்கள் இருந்தனவென்றும், தம் இருப்பிடத்தில் எந்நேரமும் இருநூறு நூல்களுக்குக் குறையாமல் வைத்திருந்ததாகவும், பெரும்பாலானவற்றுக்கு ஈடு எதுவும் கேட்கப்படவில்லை என்றும் அவர் பதிவுசெய்துள்ளார். நாடுகளையும் நகரங்களையும் பற்றிய அவரது பெரும் அகராதிக்கு வேண்டிய செய்திகளிற் பெரும்பகுதி அங்கே திரட்டப்பட்டது. 1221இல் மங்கோலியப் படையெடுப்பில் மர்வ் அழிந்தது, அந்நூலகங்களும் அழிந்தன. யாகூத் எழுதிய நூல் இன்றும் வாழ்கிறது. இரவலாகச் சென்ற அறிவே எஞ்சியது என்பதை நாம் கருத்திற் கொள்ளவேண்டும்.

திறந்த அணுக்கமும் இந்தியப் பல்கலைக்கழகங்களும்

ஆய்விதழ்களின் சந்தா ஏறிக்கொண்டே சென்று, அவற்றில் எழுதும் பேராசிரியர்களின் சொந்த நூலகங்களே அவற்றை வாங்க இயலாத நிலை 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாயிற்று. இதற்கு மாற்றாக, 2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை ‘திறந்த அணுக்கம்’ என்னும் கொள்கையை வரையறுத்தது. ஆய்வு முடிவுகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கவும் பகிரவும் இயலவேண்டும் என்பதே அதன் சாரம். ஆய்வாளரே தம் கட்டுரையின் படியைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பது ஒரு வழி. இதழையே திறந்ததாக நடத்துவது மற்றொரு வழி.

பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகம் 2002இலேயே இத்தகைய களஞ்சியத்தை அமைத்தது. தமிழகத்தில் இக்கொள்கையை இடையறாது வலியுறுத்தியவர் சுப்பையா அருணாசலம். அவர் பணியாற்றிய சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம், 2004 மே மாதத்தில் களஞ்சியம் அமைப்பதற்கான பயிற்சிப் பட்டறைகளை நடத்தியது. 2006இல் ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழகம் தன் ஆய்வாளர் அனைவரும் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் சேர்க்கவேண்டும் என ஆணையிட்டது.

பல்கலைக்கழகங்களைப் பரவலாக மாற்றிய நடவடிக்கை 2009இல் வந்தது. முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியை அளிக்கவேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு விதி வகுத்தது. அவற்றைச் சேர்த்து வைக்கும் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தை இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தி வருகிறது. ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அதில் சேர்ந்துள்ளன. சென்னை, அண்ணா, பாரதிதாசன், பெரியார் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளும் அவற்றுள் அடங்கும். கல்வராயன் மலையைப் பற்றியவையும் உண்டு. நடுவண் அரசின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் வெளியிடும் மரபறிவு பற்றிய இதழும் இணையத்தில் திறந்திருக்கிறது. கல்வராயன், சேர்வராயன் மலைகளின் மரவகைகளுக்குரிய மருத்துவப் பயன்களைப் பதிவுசெய்த கட்டுரை ஒன்று அவ்விதழில் 2009இல் வெளிவந்தது.

2024 நவம்பரில் நடுவண் அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, முப்பது பன்னாட்டுப் பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு வழங்குவது இத்திட்டம். இதன் பயனைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும் இது திறந்த அணுக்கமன்று. கதவு திறக்கப்படவில்லை, திறவுகோல் பலருக்குக் கொடுக்கப்பட்டுள்ளது. எந்த நிறுவனத்திலும் சேராத ஒரு மலைக் கிராமத்து இளைஞரின் கையில் அத்திறவுகோல் இல்லை. மறுபுறம், படிப்பவரிடம் வாங்காத பணத்தை எழுதுபவரிடம் வாங்கும் முறையும் பெருகியுள்ளது. புகழ்பெற்ற ‘நேச்சர்’ இதழ் 2021இல் ஒரு கட்டுரையைத் திறந்து வெளியிட 9,500 யூரோ கட்டணம் விதித்தது. நம் ஊர்க் கல்லூரி ஆசிரியரின் ஆண்டுச் சம்பளத்தோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

திறப்பதால் தீங்கு உண்டா?

மலையின் மூலிகை அறிவை எல்லோருக்கும் திறந்துவிட்டால், பெருநிறுவனங்கள் அதைக் கவர்ந்துகொள்ளாவா என்னும் ஐயம் நியாயமானதே. மஞ்சளின் காயமாற்றும் தன்மைக்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை வழங்கப்பட்டது. அது புதிய கண்டுபிடிப்பன்று என்பதை அச்சான சான்றுகளைக் கொண்டு நிறுவியதால் 1997இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. வெளிப்படையான பதிவு அங்கே கேடயமாயிற்று. இப்படிப்பினையால் 2001இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகத்தில் சித்த, ஆயுர்வேத மருத்துவங்களுடன் யுனானி மருத்துவக் குறிப்புகளும் இடம்பெற்றன.

பதிவு மட்டும் போதாது என்பதற்கும் நம் அருகிலேயே சான்றுண்டு. அகத்தியமலைக் காணிப் பழங்குடியினர் 1987இல் கேரள ஆய்வாளர்களுக்கு ஆரோக்கியப் பச்சை என்னும் செடியைக் காட்டினர். அதிலிருந்து உருவான மருந்தின் உரிமத் தொகையில் பாதி அம்மக்களுக்கு எனத் தீர்மானிக்கப்பட்டு, 1997இல் அதற்கென அறக்கட்டளையும் அமைந்தது. எனவே அறிவைத் திறப்பதும் அறிவுக்குரியவரின் பங்கை மதிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. சொல்லக்கூடாததென மூத்தோர் கருதுவதை எழுதாமல் விடுவதும், எழுதியதைச் சொன்னவருக்குக் காட்டுவதும் ஒரே நேர்மையின் இரு பக்கங்கள்.

அமானிதம்

கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் 2021இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக்குள் கொண்டுவரப்பட்டன. அப்பல்கலைக்கழகமும், மலையின் மறுபக்கம் சேலத்திலுள்ள பெரியார் பல்கலைக்கழகமும் பெரும் பொருட்செலவின்றிச் செய்யக்கூடியவை சில உள்ளன. கல்வராயன் மலை பற்றிய ஆய்வுகள் அனைத்தையும் ஓரிடத்தில் தொகுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு சுருக்கம் எழுதுவிக்கலாம். ஏனெனில் ஆங்கிலத்தில் மட்டும் கிடைக்கும் ஆய்வு, அம்மக்களிற் பலருக்குத் திறந்திருந்தும் மூடியதே. அச்சுப்படி ஒன்றை வெள்ளிமலையில் மக்கள் பார்க்கும் இடத்தில் வைக்கலாம்.

நம்மிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை நாம் அமானிதம் என்கிறோம். உரியவர் கேட்கும்போது அதைத் திருப்பிக் கொடுப்பது வள்ளன்மையன்று, கடமை. தன் பாட்டி சொன்ன மூலிகைப் பெயரை, தன் பாட்டனார் உழுத நிலத்தின் எல்லையை ஓர் ஆய்வேட்டில் தேடும் மலையாளி இளைஞர் பல்கலைக்கழகத்திடம் கேட்பதும் அதையே.