உடனிருத்தல்: பேரச்சமும் செவிலியமும் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

கொச்சி அரசின் மனநோய்க் காப்பகம் 1889இல் திருச்சூரில் தொடங்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் 1870இலும் கோழிக்கோட்டில் 1872இலும் அத்தகைய நிறுவனங்கள் தோன்றிவிட்டன. கேரள மனநல வரலாறு பெரும்பாலும் இம்மூன்று மதில்களுக்குள்ளேயே எழுதப்படுகிறது. ஆனால் நெஞ்சு படபடத்து, மூச்சுத் திணறி, இக்கணமே இறந்துவிடுவோம் என நடுங்கிய ஒரு மட்டாஞ்சேரிக்காரர், ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவிலிருந்த அந்த மதிலுக்குள் சென்றிருக்க வாய்ப்புக் குறைவு. காப்பகம் கட்டுக்கடங்காதவருக்கானது. அஞ்சியவர் வீட்டில் கிடந்தார். அல்லது சோட்டானிக்கரைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்.

அங்கே 'பஜனமிருத்தல்' என்றொரு வழக்கம் உண்டு. நாட்கணக்கில் கோயிலிலேயே தங்குவர்; உறவினரும் உடனிருப்பர். கீழ்க்காவின் குருதி பூசையையும் பாலைமரத்தில் அறைந்த ஆணிகளையும் எழுதியோர் பலர். உடன் தங்கிய உறவினரை எழுதியோர் அரிது. எனக்கு அவரே முக்கியம்.

ஏனெனில் நவீன உளநலச் செவிலியம் கண்டடைந்ததும் அந்த இடத்தைத்தான். அமெரிக்கச் செவிலியர் ஹில்டெகார்ட் பெப்லாவ் தம் நூலை 1948இலேயே எழுதி முடித்தார். மருத்துவர் எவரும் இணையாசிரியராக இல்லாத காரணத்தால் அது 1952 வரை வெளிவரவில்லை (செவிலியரின் அறிவுக்குக் காப்புறுதி கேட்ட காலம் அது). பதற்றத்தை இலேசு, மிதம், கடுமை, பேரச்சம் என நான்கு படிகளாக அவர் வகுத்தார். பேரச்சத்தில் இருப்பவருக்கு நீண்ட விளக்கம் செவியில் ஏறாது. காரணம் கேட்பதும் வீண். இதயக் கோளாறு இல்லையென உறுதிசெய்தபின், சந்தடியற்ற இடம், சிறு சொற்றொடர்கள், நிதானமான மூச்சு, விலகாத ஒருவர் ஆகியவையே பராமரிப்பு. செவிலியரின் பதற்றம் நோயாளியையும் தொற்றும் என்பதால் அவர் முதலில் தம்மை அடக்கிக்கொள்ள வேண்டும். நம் அவசரப் பிரிவுகளில் கேட்கும் "ஒன்றுமில்லை, போங்கள்" என்ற சொல் இந்த அறிவுக்கு நேர் எதிரானது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1957இல் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் தொடங்கிய மனநல மையம் குடும்பத்தினரையும் நோயாளியுடன் தங்கச் செய்தது. காப்பகம் வெளியே நிறுத்திய உறவினர் இவ்வாறு மருத்துவமனைக்குள் திரும்பினார்.

2020 பிப்ரவரியில் கேரள அரசு, கொரோனா அச்சத்தில் தனிமைப்படுத்தப்பட்டோருக்காகத் தொடங்கிய உளநல ஆதரவுத் திட்டத்தின் பெயர் 'ஒற்றய்க்கல்ல, ஒப்பமுண்டு': தனியாக இல்லை, உடனிருக்கிறோம். தொற்று வார்டில் உறவினருக்கு இடமில்லை. செவிலியரின் முகமும் கவசத்துக்குள் மறைந்திருந்தது. உடனிருப்பதற்கு எஞ்சியது குரல் மட்டுமே.