விஷத்தைத் தின்னக் கற்ற கிருமி

புதுச்சேரியில் என் வயதுக்காரர்களுக்குச் சைகோன் அந்நிய ஊர் அல்ல. வேலைக்கும் வியாபாரத்துக்கும் அங்கே போய், பல வருடம் வாழ்ந்து திரும்பிய குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. அதனால் வியட்நாம் யுத்தச் செய்தி வந்தால் வீட்டுப் பெரியவர்கள் ரேடியோ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்த யுத்தம் மண்ணில் விட்டுப்போன விஷத்தையும், அதைத் தின்னப் பழக்கப்பட்ட ஒரு கிருமியையும் பற்றி இன்று எழுதுகிறேன்.

1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் வியட்நாம் காடுகளின் மேல் களைக்கொல்லி தெளித்தன. இலை உதிர்ந்துவிட்டால் எதிரி ஒளிய இடமிருக்காது என்பது அவர்கள் போட்ட கணக்கு. அதிகமாகத் தெளித்தது ‘ஏஜென்ட் ஆரஞ்சு’. பீப்பாயில் ஆரஞ்சு நிறப் பட்டை போட்டிருந்ததால் அந்தப் பெயர். அதில் இரண்டு மருந்துகள் ஏறக்குறைய சரிபாதி. ஒன்று 2,4-டி, நம் நெல் வயல்களுக்கும் வந்த அதே மருந்து. மற்றது 2,4,5-டி. இரண்டிலும் பென்சீன் வளையத்தில் குளோரின் ஒட்டியிருக்கும். முன்னதில் இரண்டு, பின்னதில் மூன்று. 2,4-டியை மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் தின்றுவிடும். 2,4,5-டியை மட்டுமே உணவாகக் கொண்டு வளரும் பாக்டீரியா வெகுகாலம் யார் கையிலும் சிக்கவில்லை.

இங்கேதான் ஆனந்த மோகன் சக்ரவர்த்தி வருகிறார். 1938-ல் வங்காளத்தில் சைந்தியா என்ற ஊரில் பிறந்தவர். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் இருந்தபோது, கச்சா எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கினார். உயிருள்ள பொருளுக்குக் காப்புரிமை தரலாமா என்று அதன்மேல் வழக்கு நடந்தது. 1980 ஜூன் 16 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தரலாம் என்றது. அதற்குள் அவர் சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு வந்து, 2,4,5-டியைக் கையில் எடுத்திருந்தார்.

வழி எளிமையானது. ரசாயனக் கழிவு கொட்டிய இடங்களின் மண்ணிலிருந்து கிருமிகளை எடுத்தார்கள். பிளாஸ்மிட் உள்ள பாக்டீரியாக்களை அவற்றோடு ஒரே பாத்திரத்தில் விட்டார்கள். பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும் சிறு மரபணு வளையம். வழக்கமான உணவைக் குறைத்து, 2,4,5-டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். பல மாதம் கழித்து, அதை மட்டுமே தின்று வளரும் ஒரு கிருமி கிடைத்தது. அதற்கு ஏ.சி.1100 என்று பெயர்.

அது வேலை செய்யும் விதம் ஆபீஸில் ஃபைல் நகர்வதைப் போன்றது. முதல் என்சைம் வளையத்தின் பக்கச் சங்கிலியைக் கழற்றும். அடுத்தது இரண்டு குளோரினை எடுக்கும். மூன்றாவது மிச்சமிருக்கும் குளோரினை எடுக்கும். நான்காவது வளையத்தையே உடைக்கும். ஒரு செக்‌ஷனில் ஆள் இல்லை என்றால் ஃபைல் அங்கேயே நிற்கும். இந்த மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் பிறகு ஒரு விஷயம் கண்டார்கள்: இடம் விட்டு இடம் தாவும் ஒரு டி.என்.ஏ. துண்டு முதல் மரபணுவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, அதை இயங்கவைத்திருந்தது.

விஷம் கலந்த மண்ணில் ஏ.சி.1100-ஐ விட்டபோது, ஒரு வாரத்தில் 2,4,5-டியின் பெரும்பகுதி போய்விட்டது. உணவு தீர்ந்ததும் கிருமியின் எண்ணிக்கையும் சரிந்தது. இதைவிட நல்ல வேலைக்காரன் கிடைப்பானா?

ஆனால் வியட்நாமின் துயரம் இதோடு தீரவில்லை. 2,4,5-டி தயாரிக்கும்போது சூடு மிஞ்சினால் டையாக்சின் என்ற வேறொரு விஷம் தானாக உண்டாகும். பீப்பாய்க்குள் அதுவும் சேர்ந்தே போனது. வருடக்கணக்கில் மண்ணில் தங்கியது அதுதான். ஏ.சி.1100-க்கு அதைத் தின்னத் தெரியாது. கடைசியில் டா நாங் விமான நிலையத்தில் சுமார் 90,000 கன மீட்டர் மண்ணையும் சேற்றையும் தோண்டிக் குவித்து, 300 டிகிரிக்கு மேல் சூடேற்றித்தான் சுத்தம் செய்தார்கள். அந்த வேலை முடிந்தது 2018-ல்.

சக்ரவர்த்தி 2020 ஜூலையில் காலமானார். மருந்தைத் தின்ன அவர் ஒரு கிருமியைப் பழக்கிவிட்டார். மருந்தோடு ஒட்டிக்கொண்டு வந்த அழுக்குக்கோ, யுத்தம் முடிந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் நெருப்புதான் தேவைப்பட்டது.