அளவையும் அருளும்

ஜவ்வாது மலையில் மானாவாரியாக விளையும் சாமையை உழவர் களத்தில் அளந்தெடுப்பர். விளைவித்த மழையோ எவர் தகுதியையும் அளந்து பெய்வதில்லை. கிறித்தவ சமயம் பேசும் சட்டத்திற்கும் அருளுக்கும் உள்ள உறவைத் தமிழ் எவ்வாறு சொல்லிற்று என்று ஆராயுங்கால் இக்காட்சியே முன் நிற்கிறது.

சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை 1868இல் அச்சேற்றியவர் பவர் ஐயர். அவர் முன்னின்று செய்த விவிலியத் திருப்புதல் 1871இல் வெளிவந்தது. மோசே வழி வந்ததை அது ‘நியாயப்பிரமாணம்’ என்றும், இயேசு வழி வந்ததைக் ‘கிருபை’ என்றும் குறித்தது. பிரமாணம் என்பது அறிதற்கருவி, தமிழில் அளவை. சிவஞான சித்தியாரும் அளவை கூறியே பொருளினுட் புகுகிறது. சட்டம் பாவத்தை அறிவிக்கும், ஆனால் நீக்காது என்பது உரோமையர்க்குப் பவுல் எழுதிய மடலின் கருத்து. அக்கருத்திற்கு இச்சொல் நன்கு பொருந்துகிறது. அளவுகோல் குறையைக் காட்டும், நிரப்பாது. அதற்காகக் கோலைப் பழிப்பதும் முறையன்று.

இவ்வுறவைக் காப்பியப் பொருளாக்கியவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900). நெல்லைக் கரையிருப்பில் வைணவக் குடியிற் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். அவரது இரட்சணிய யாத்திரிகம் (1894), ஆங்கிலேயரான பனியன் 1678இல் வெளியிட்ட நூலைத் தழுவியது. பனியனின் பயணி, சட்டத்தின் துணையால் சுமை இறக்கலாம் என வழி விலகுகிறான். எதிர்ப்பட்ட மலை மேலே சரிவது போல் அச்சுறுத்த, முதுகுச் சுமை முன்னினும் கனக்கிறது. பின்னர்ச் சிலுவையடியில் அது தானே கழன்று வீழ்கிறது. உயிர் இறைவனைக் குரங்குக் குட்டிபோற் பற்ற வேண்டுமா, பூனைக் குட்டிபோற் கவ்வப்படுமா என்று நூற்றாண்டுகளாக வாதிட்டது வைணவம். அதில் வளர்ந்த கிருஷ்ண பிள்ளைக்கு அருள் அயல்நாட்டுச் சரக்கன்று.

1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, ‘சட்டம்’, ‘அருள்’ என்னும் சொற்களை ஆண்டது. பொருள் எளிதாயிற்று, அருள் என்னும் பழந்தமிழ்ச் சொல்லும் உரிய இடம் பெற்றது. எனினும் சட்டம் என்றவுடன் நமக்கு நீதிமன்றமும் தண்டனையுமே நினைவில் எழுகின்றன. அந்நினைவோடு படிப்போர்க்கு அருளும் தண்டனைக் குறைப்பாகச் சுருங்கிவிடும். பழைய சொல்லிலிருந்த ‘அறிதல்’ என்னும் பொருளை நாம் இழத்தலாகாது.

யாப்பறிந்த கவிஞர்க்கு இது புதிதன்று. தளை தட்டுமிடத்தை இலக்கணம் காட்டும். பாட்டைப் பாடித் தாராது. ஆயினும் தளையறியாதவன் தான் தவறியதையும் அறியான்.