மேசையில் ஒட்டிய சீட்டு

ஜான் கூமின் மேசையில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. விளம்பரம் கிடையாது, விளையாட்டு கிடையாது, ஜிகினா வேலை கிடையாது. அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தவர் பிரையன் ஆக்டன். 2009-ல் கலிஃபோர்னியாவில் கூம் தொடங்கி, அந்த ஆண்டே ஆக்டனும் வந்து சேர்ந்த வாட்ஸப் நிறுவனத்துக்குக் கொள்கை, திட்டம் எல்லாமே அந்தச் சீட்டுதான். பதினாறு ஆண்டு கழித்து, 2025 ஜூன் 16 அன்று, அதே வாட்ஸப்பில் விளம்பரம் வரப்போகிறது என்று அதன் உரிமையாளரான மெட்டா, அதாவது பழைய ஃபேஸ்புக், அறிவித்தது. சீட்டை எழுதியவரும் அப்போது அங்கே இல்லை, ஒட்டிக்கொண்டவரும் இல்லை.

விளம்பரம் வந்த நாளைவிட வந்த வழிதான் சுவாரசியம்.

கூமும் ஆக்டனும் முதன்முதலில் சந்தித்ததே ஒரு விளம்பர அமைப்பின் முன்னால்தான். உக்ரைனில் கீவ் நகருக்கு வெளியே ஒரு கிராமத்தில் வளர்ந்தவர் கூம். சோவியத் காலம்; தொலைபேசியை யாரோ ஒட்டுக்கேட்பார்கள் என்று வீட்டில் அதில் பேசவே தயங்குவார்கள். பதினாறு வயதில் அம்மாவோடும் பாட்டியோடும் அமெரிக்கா வந்து, மளிகைக் கடையில் தரை கூட்டி, அரசு தந்த உணவுக் கூப்பனில் சாப்பிட்டு வளர்ந்தார். 1997-ல் எர்ன்ஸ்ட் அண்ட் யங் தணிக்கை நிறுவனத்தின் சார்பில் யாஹூவின் விளம்பர அமைப்பைச் சோதிக்கப் போனார். அங்கே எதிரே உட்கார்ந்திருந்த பொறியாளர் ஆக்டன். கொஞ்ச நாளில் கூமும் யாஹூவில் சேர்ந்தார். சுமார் பத்தாண்டு அங்கே வேலை பார்த்துவிட்டு 2007-ல் இருவரும் வெளியேறினார்கள். சமையல்காரர் தன் கடைச் சாப்பாட்டைத் தொடமாட்டார் என்பார்களே, விளம்பரத்தின் மீது அவர்களுக்கு வந்தது அந்த வகை வெறுப்பு.

அந்த வெறுப்பு புரிய வேண்டுமானால் இணைய விளம்பரம் எப்படிப் பிறந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்ட் என்ற இணைய இதழில் முதல் விளம்பரப் பட்டைகள் வந்தன. அவற்றில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் பட்டை, இங்கே எப்போதாவது அமுக்கியதுண்டா என்று கேட்டு, இனி அமுக்குவீர்கள் என்று பதிலும் சொன்னது. மக்களும் புதுமைக்காக அமுக்கினார்கள். நாலே ஆண்டில் கண் பழகிவிட்டது. பெரிதாக, பளிச்சென்று இருக்கும் பட்டையைத்தான் பார்வை தவறவிடுகிறது என்று 1998-ல் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பார்க்காத கண்ணைப் பார்க்க வைக்கப் பட்டையைப் பெரிதாக்கிப் பயனில்லை. எதிரே இருப்பவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தாக வேண்டும். ஆளைப் பற்றிய தகவலுக்கு விலை ஏறத் தொடங்கியது அப்போதுதான். அந்தத் தகவலைச் சேர்க்கும் இயந்திரத்துக்குத்தான் கூமும் ஆக்டனும் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

2012 ஜூனில் வாட்ஸப் தன் தரப்பை எழுதி வெளியிட்டது. நாளைக்கு என்ன விளம்பரம் வரும் என்ற ஆவலோடு எவரும் தூங்கப் போவதில்லை, விளம்பரம் நுழையும் இடத்தில் பயனரே சரக்கு என்பது அதன் சாரம். மாற்று வழியாக அவர்கள் வைத்தது ஆண்டுச் சந்தா: 99 சென்ட். நம் ஊரில் அந்தச் சந்தாவை யார் கட்டினார்கள் என்று தேடினால் ஆள் கிடைப்பது அரிது. ‘இந்தச் செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் நாளை முதல் வாட்ஸப்புக்குப் பணம் கட்ட வேண்டும்’ என்ற வதந்தியைத்தான் எல்லோரும் பக்தியோடு பரப்பினார்கள். பணமாகக் கட்டவில்லை, ஃபார்வர்டாகக் கட்டினார்கள்.

2014 பிப்ரவரி 19 அன்று ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸப்பை வாங்குவதாக அறிவித்தது. அப்போது ஊழியர்கள் 55 பேர், மாதந்தோறும் பயன்படுத்துவோர் 45 கோடிப் பேர். முந்தைய ஆண்டு வருமானம் 1 கோடியே 2 லட்சம் டாலர், நஷ்டம் 13.8 கோடி டாலர். ஒப்பந்தத்தில் கூம் கையெழுத்திட்டது ஒரு பழைய அரசுக் கட்டடத்தின் கதவில் காகிதத்தை வைத்து. ஒரு காலத்தில் உணவுக் கூப்பனுக்காக அவர் வரிசையில் நின்ற இடம் அது. 2009-ல் ஃபேஸ்புக்கில் வேலை கேட்டுப் போய்க் கிடைக்காமல் திரும்பியவர் ஆக்டன். சினிமாவில் வைத்தால் நம்பமாட்டார்கள். ஆனால் கணக்கு தெரிந்தவர்களுக்கு ஒரே கேள்வி: கோடி டாலர் சம்பாதிக்கும் கடைக்கு இவ்வளவு விலை ஏன்? விளம்பரம் வராது, எதுவும் மாறாது என்று இரு தரப்பும் உறுதி சொன்னது.

மாறியது 2016-ல். ஒரே ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. ஜனவரியில் சந்தா ரத்தானது. பலரிடம் கார்டு இல்லை, கணக்கு போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள் என்பது காரணம். ஏப்ரலில் எல்லாச் செய்திக்கும் சங்கேதப் பூட்டு போடப்பட்டது. அனுப்பியவரும் பெற்றவரும் தவிர, நிறுவனமே படிக்க முடியாது. ஆகஸ்டில் நிபந்தனை திருத்தப்பட்டது. பயனரின் தொலைபேசி எண் ஃபேஸ்புக்குக்குப் போகும், அங்கே விளம்பரத்தைப் பொருத்தமாகக் காட்ட உதவும். வேண்டாம் என்பவர்கள் முப்பது நாளுக்குள் ஒரு குறியை எடுத்துவிடலாம். எத்தனை பேர் எடுத்திருப்பார்கள்?

கடிதத்துக்கு அரக்கு முத்திரை வைத்துவிட்டு முகவரியை மட்டும் கொடுத்தார்கள். முகவரிக்கு என்ன மதிப்பு என்று தி.நகர் ஜவுளிக்கடையில் பில் போட்டவர்களுக்குத் தெரியும். ‘நம்பர் சொல்லுங்க சார்’ என்று கேட்காத கல்லா இன்று இல்லை. கடைக்காரர் தன்னிடம் உள்ள எண்களை ஒரு பட்டியலாக ஃபேஸ்புக்கில் ஏற்றினால், அந்த எண்ணுக்குரிய ஆட்களின் பக்கத்தில் மட்டும் அவருடைய விளம்பரம் விழும். 2012-லிருந்தே இந்த வசதி இருக்கிறது. ஃபேஸ்புக்கில் எண்ணைக் கொடுக்காமல் தப்பித்திருந்தவர்களும் வாட்ஸப்பில் எண்ணில்லாமல் நுழைய முடியாது. எண்தான் அங்கே பெயர். ‘பேசினதெல்லாம் விளம்பரமா வருதே, ஒட்டுக்கேக்கறாங்களா?’ என்று வீட்டுக்கு வீடு எழும் சந்தேகத்துக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. கடிதத்தைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

2016 திருத்தத்தை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு இரண்டு மாணவர்கள் போனார்கள். செப்டம்பர் 25-க்கு முன் கணக்கை அழித்தவர்களின் தகவலைப் பகிரக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. ஐரோப்பாவில் வேறு கதை. இரண்டு நிறுவனங்களின் கணக்குகளையும் தானாகப் பொருத்திப் பார்க்க நம்பகமான வழி இல்லை என்று 2014-ல் ஃபேஸ்புக் எழுதிக் கொடுத்திருந்தது. அப்போதே வழி இருந்தது, ஊழியர்களுக்கும் தெரிந்திருந்தது என்று கண்டறிந்த ஐரோப்பிய ஆணையம் 2017 மே மாதம் 11 கோடி யூரோ அபராதம் போட்டது. வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் பத்திரப்பதிவுச் செலவைவிடக் குறைவு.

அந்த ஆண்டே ஆக்டன் கிளம்பினார். வரவேண்டிய பங்குகளில் சுமார் 85 கோடி டாலரை விட்டுவிட்டுத்தான் கிளம்பினார். கணிசமான செய்திகள் இலவசம், அதைத் தாண்டினால் மிகச் சிறிய கட்டணம் என்ற யோசனையை அவர் வைத்ததாகவும், இது பெரிய அளவில் எடுபடாது என்று ஃபேஸ்புக்கின் அன்றைய செயல்பாட்டு அதிகாரி ஷெரில் சாண்ட்பெர்க் ஒதுக்கியதாகவும் 2018-ல் ஃபோர்ப்ஸ் இதழிடம் சொன்னார். தன் பயனர்களின் அந்தரங்கத்தை விற்றுவிட்டேன் என்றும் அதே பேட்டியில் ஒப்புக்கொண்டார். ஏப்ரல் 2018-ல் கூமும் விலகல் அறிவித்தார். அக்டோபரில் வாட்ஸப்பின் அன்றைய தலைவர் கிறிஸ் டேனியல்ஸ் டெல்லியில் நின்று, ஸ்டேட்டஸில் விளம்பரம் வரும் என்றார். சீட்டைக் கிழித்ததாக அறிவித்த ஊர் நம் தலைநகரம். ஆனால் 2020 தொடக்கத்தில் அந்தத் திட்டம் கிடப்பில் போடப்பட்டது.

கிடப்பில் போட்டதால் விளம்பரம் நிற்கவில்லை, கடை வழியாக வந்தது. 2018 ஜனவரியில் சிறு வணிகர்களுக்கான வாட்ஸப் பிசினஸ் வந்தபோது, நம் பெண்கள் அதற்கு முன்பே குழு ஆரம்பித்துச் சேலை விற்றுக்கொண்டிருந்தார்கள். இப்படி வீட்டிலிருந்து மறுவிற்பனை செய்வோரை நம்பியே 2015-ல் பெங்களூரில் மீஷோ தொடங்கியது. 2019-ல் ஃபேஸ்புக்கே அதில் முதலீடு செய்தது. வாட்ஸப்புக்குள் விளம்பரம் இல்லை. ஆனால் இன்ஸ்டாகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ ஒரு விளம்பரத்தைத் தொட்டால் நேராகக் கடைக்காரரின் வாட்ஸப் அரட்டை திறக்கும். இந்த ஒரு வகை விளம்பரத்திலிருந்து மட்டும் ஆண்டுக்கு 150 கோடி டாலர் வரும் வேகத்தை எட்டிவிட்டோம் என்று 2022 அக்டோபரில் மெட்டாவின் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க் முதலீட்டாளர்களிடம் சொன்னார்.

பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்து அனுப்பும் செய்திகள் இன்னொரு பக்கம். ஆடித் தள்ளுபடிக்கும் அட்சய திருதியைக்கும், அம்மாவின் குரல் பதிவுக்கும் அலுவலகக் குழுவுக்கும் நடுவில் நகைக்கடையும் கடன் நிறுவனமும் வந்து உட்காரும். எஸ்.எம்.எஸ். தொல்லையென்றால் புகார் செய்ய 1909 என்ற எண் இருக்கிறது. அந்த எண்ணின் அதிகாரம் வாட்ஸப் வாசலோடு முடிந்துவிடுகிறது. ஒவ்வொன்றாகத் தடுப்பது பயனரின் வேலை. 2025 ஏப்ரல் 1 முதல் அமெரிக்க எண்களுக்கு இத்தகைய விற்பனைச் செய்திகளை மெட்டா நிறுத்திவைத்தது. நமக்கு அந்தச் சலுகை வரவில்லை.

2021 ஜனவரியில் நடந்ததை இந்தப் பின்னணியில் பார்த்தால் சிரிப்பு வரும். புதிய நிபந்தனைக்குச் சம்மதியுங்கள், இல்லாவிட்டால் பிப்ரவரி 8-க்குப் பிறகு இடமில்லை என்ற அறிவிப்பு திரையில் வந்தது. உலகமே பதறியது. ‘சிக்னலுக்கு வாங்க’ என்று போட்டிச் செயலிக்கு வாட்ஸப் குழுக்களிலேயே அழைப்பு போனது. 72 மணி நேரத்தில் 2.5 கோடிப் பேர் புதிதாகச் சேர்ந்ததாக இன்னொரு போட்டிச் செயலியான டெலிகிராம் சொன்னது. ஈலான் மஸ்க் சிக்னலைப் பயன்படுத்துங்கள் என்று இரண்டு சொல் எழுதப்போக, சம்பந்தமே இல்லாத சிக்னல் அட்வான்ஸ் என்ற டெக்ஸாஸ் நிறுவனத்தின் பங்கு விண்ணுக்கு ஏறியது. பதற்றத்தைத் தணிக்க வாட்ஸப் என்ன செய்தது? இந்தியச் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது!

உண்மையில் 2021 திருத்தம் பெரும்பாலும் வணிகக் கணக்குகளோடு நடக்கும் உரையாடல்களைப் பற்றியது. மக்கள் அஞ்சி ஓடிய விஷயம், எண் கைமாறியது, 2016-லேயே சத்தமில்லாமல் முடிந்திருந்தது. ஓடியவர்களில் பலர் திரும்பியும் வந்தார்கள். பள்ளிக்கூடக் குழுவும் அடுக்குமாடிச் சங்கமும் இங்கேதானே இருக்கின்றன. காலக்கெடு மே 15-க்குத் தள்ளிப்போனதோடு பரபரப்பு அடங்கியது. சம்மதி அல்லது வெளியேறு என்ற அந்த நிபந்தனை சந்தை பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்று இந்தியப் போட்டி ஆணையம் முடிவெடுக்க 2024 நவம்பர் ஆனது. அபராதம் 213.14 கோடி ரூபாய். விளம்பரத்துக்காகத் தகவல் பகிர ஐந்தாண்டுத் தடை. தடையை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் முதலில் நிறுத்திவைத்து, 2025 நவம்பரில் அபராதத்தை மட்டும் உறுதிசெய்து தடையை நீக்கிவிட்டது.

ஆக, 2025 ஜூன் அறிவிப்பு வந்தபோது முணுமுணுப்பு மட்டும்தான் கேட்டது. விளம்பரம் அரட்டையில் வராது, ஸ்டேட்டஸும் சேனலும் இருக்கும் பக்கத்தில்தான் வரும். நாடு, ஊர், மொழி, பின்தொடரும் சேனல்கள் போன்றவற்றை வைத்துக் காட்டுவோம் என்றது மெட்டா. அந்தப் பக்கத்தை அப்போது நாள்தோறும் பார்த்தவர்கள் 150 கோடிப் பேர். அத்தை மகளின் வளைகாப்புப் படத்துக்கும் நண்பர் போட்ட திருவண்ணாமலை கிரிவலக் காணொளிக்கும் இடையில் ஒரு குளியல் சோப். அதே ஆண்டு டிசம்பர் 16 முதல், மெட்டாவின் செயற்கை நுண்ணறிவு உதவியாளரோடு பேசுவதும் விளம்பரத் தேர்வுக்குக் கணக்கில் சேர்ந்தது. வாட்ஸப் கணக்கை மெட்டாவின் மற்றக் கணக்குகளோடு இணைத்தவர்களுக்கு அங்கே பேசியதும் இதில் அடங்கும். திரையோரத்து நீல வளையமாகத் தெரியும் அந்த உதவியாளரிடம் ‘முட்டி வலிக்கு என்ன செய்யலாம்’ என்று கேட்பவர், அதையும் மகனுக்கு அனுப்பும் செய்தியைப் போலவே நினைத்துக்கொள்கிறார். இரண்டும் ஒரே திரை, ஒரே விசைப்பலகை. விதி வேறு.

சீட்டை எழுதிய ஆக்டன் 2018 பிப்ரவரியில் சிக்னல் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்து 5 கோடி டாலர் கொடுத்தார். அங்கே விளம்பரமும் இல்லை, சந்தாவும் இல்லை, நன்கொடைதான். 2025-க்குள் ஆண்டுச் செலவு 5 கோடி டாலரை எட்டும் என்று 2023 நவம்பரில் சிக்னல் கணக்கை வெளியிட்டது. அந்தக் கணக்குப்படி, புதியவர்களின் எண்ணைச் சரிபார்க்க அனுப்பும் எஸ்.எம்.எஸ்.களுக்கு மட்டும் ஆண்டுக்கு 60 லட்சம் டாலர் போனது. ஆக்டன் தந்தது உண்மையில் வட்டியில்லாக் கடன். 2018 முடிவில் அது 10.5 கோடி டாலராக வளர்ந்திருந்தது. திருப்பித் தர வேண்டிய நாள்: 2068 பிப்ரவரி 28.