கோடு போட்ட சட்டம்

சட்டம் இருந்தாப் போதும், மக்களாட்சி பிழைச்சுக்கும்னு எதிரணி நண்பர் அடிச்சுச் சொன்னார். 1812-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

மாநில மேலவைத் தொகுதிகளைத் திருத்தி வரைந்தார்கள். அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி. எசெக்ஸ் வட்டாரத்தில் ஒரு தொகுதி, பல்லி மாதிரி வளைந்து கிடந்தது. பல்லி போன்ற 'சாலமாண்டர்' என்ற பிராணியோடு அவர் பெயரை ஒட்டி, 'ஜெர்ரிமாண்டர்' என்று பத்திரிகை கேலி செய்தது. (அகராதியிலேயே ஏறிடுச்சு!)

தேர்தல் வந்தது. பெடரலிஸ்ட் கட்சிக்கு 51,766 வாக்குகள். கிடைத்த இடம் 11. ஜெர்ரி கட்சிக்கு 50,164 வாக்குகள், இடமோ 29! அதிகமா ஓட்டு வாங்கினவன் வெளியே நிக்கிறான் ஐயா! கள்ள ஓட்டுன்னா குற்றம்; இது சட்டம்!

ஜெர்ரி என்ன ஆனார்? அங்கே ஆளுநரையும் மக்களே தேர்ந்தெடுப்பார்கள். அதற்கு மாநிலம் முழுக்க ஒரே தொகுதி. கோடு போட இடமில்லை. அந்த ஆண்டே தோற்றுப் போனார்.