கேபிளா, ஆப்பா? வீட்டு ரவுட்டரை அமைக்கும் இரு வழிகள்

புது வைஃபை ரவுட்டர் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு மடித்த தாள் இருக்கும். பெரும்பாலும் அதில் கண்ணில் முதலில் படுவது ஒரு கியூஆர் கட்டம்: போனால் ஸ்கேன் செய்யுங்கள், ஆப்பை இறக்குங்கள், சொல்கிறபடி செய்யுங்கள். தாளின் வேறொரு மூலையில், கொஞ்சம் பொடி எழுத்தில், பழைய வழியும் இருக்கும்: லேப்டாப்பை லேன் கேபிளால் இணையுங்கள், பிரவுசரில் 192.168.0.1 என்று தட்டுங்கள். வாங்குகிறவர்களில் பலர் அந்த மூலை வரை போவதே இல்லை.

எந்த வழியில் போனாலும் கடைசியில் வருவது ஒரே வைஃபைதான். அப்படியிருக்க ஒப்பிட என்ன இருக்கிறது என்று தோன்றலாம். முதல் நாளில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது உண்மையே. இன்டர்நெட் கம்பெனியை மாற்றும்போது, நெட் நின்றுபோகும்போது, ரவுட்டருக்கு ஏழெட்டு வயதாகும்போதுதான் இரண்டும் எவ்வளவு வேறு என்பது புரிகிறது. ரவுட்டரின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே அந்த வேறுபாடு. லேப்டாப் வழியில் அது வீட்டுக்குள் இருக்கிறது. ஆப் வழியில், பல ரவுட்டர்களுக்கு, அது ஒரு கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது.

இரண்டும் எங்கே ஓடுகின்றன

192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீடு, அலுவலகம் போன்ற உள்வலைகளில் மட்டும் புழங்குவதற்காக 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் ஒதுக்கிவைத்தவை. அதனால்தான் உங்கள் ரவுட்டரும் எதிர்வீட்டு ரவுட்டரும் ஒரே 192.168.0.1இல் இருந்தும் மோதிக்கொள்வதில்லை. பிரவுசரில் அந்த எண்ணைத் தட்டினால் திறக்கும் பக்கம் வெளியே எந்த சர்வரிலிருந்தும் வருவதில்லை, ரவுட்டருக்குள்ளேயே இருக்கிறது. ஃபைபர் இன்னும் இழுக்கப்படாத வீட்டில், நெட் என்பதே இல்லாத நேரத்திலும் அது திறக்கும். எண்ணை நினைவில் வைக்கச் சிரமம் என்று சில நிறுவனங்கள் பெயரும் கொடுத்திருக்கின்றன: டிபி-லிங்க்குக்கு டிபிலிங்க்வைஃபை டாட் நெட், நெட்கியருக்கு ரவுட்டர்லாகின் டாட் நெட். அதே ரவுட்டரோடு இணைந்திருக்கும்போது அவையும் அதே உள்பக்கத்துக்குத்தான் கொண்டுபோகும்.

ஆப் என்பதில் இரண்டு வகை. ஒன்று, வீட்டு வைஃபைக்குள் இருந்தபடி ரவுட்டரோடு நேராகப் பேசுவது. மற்றொன்று, நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றிப் பேசுவது. 2016இல் சந்தைக்கு வந்த கூகுள் வைஃபையும் ஈரோவும் இந்த இரண்டாம் வகைக்குத் தெளிவான உதாரணங்கள். பிரவுசர் பக்கம் என்று ஒன்றும் இவற்றில் கிடையாது. ஆப்பும் கணக்கும் இருந்தால்தான் அமைக்கவே முடியும். டிபி-லிங்க், நெட்கியர் போன்றவற்றின் பல மாடல்களில் பக்கம், ஆப் இரண்டும் உண்டு. நம் ஒப்பீட்டுக்கு இவை நடுவில் நிற்பவை.

முதல் நாள்: ஆப் முந்துகிறது

தொடக்க வேலையில் ஆப்புக்குத்தான் மதிப்பெண். ஒரு திரைக்கு ஒரு கேள்வி கேட்கும். வைஃபைக்குப் பெயர் வை, பாஸ்வேர்ட் வை, அடுத்து. டிஎச்சிபி, டிஎன்எஸ் என்று எதையும் கண்ணில் காட்டாது. லேப்டாப் பக்கமோ முதல் திரையிலேயே பத்துப் பதினைந்து மெனுக்களைக் கொட்டிவைக்கும், அதுவும் ஆங்கிலத்தில். மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் இப்போது லேன் போர்ட்டே இல்லை. யூஎஸ்பியில் செருகும் ஒரு அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

ஆனால் போன் வழியில் ஒரு இடத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். புது ரவுட்டரின் வைஃபையில் போன் சேர்ந்ததும், அதில் இன்னும் நெட் வரவில்லை என்பதை ஆண்ட்ராய்டு கவனித்துவிடும். ‘இந்த நெட்வொர்க்கில் இன்டர்நெட் இல்லை’ என்று ஓர் அறிவிப்பு மேலே வந்து போகும். போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். வைஃபை குறி திரையில் இருக்கும், ஆப்போ ரவுட்டரைக் காணோம் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ரவுட்டர் கெட்டுப்போய்விட்டது என்று பெட்டியைக் கட்டித் திருப்பி அனுப்பத் தோன்றும். மொபைல் டேட்டாவை ஒரு நிமிடம் அணைத்துவைத்தால் போதும்.

கேபிள் போட்ட லேப்டாப்பில் இந்தக் குழப்பம் வராது, வேறு குழப்பம் வரும். ரவுட்டரின் பின்னால் தனி நிறத்தில் அல்லது தனித்து நிற்பது வேன் போர்ட். வெளியிலிருந்து நெட் வரும் வாசல். லேப்டாப்பின் கேபிளை அதில் செருகினால் ஒன்றும் நடக்காது. லேன் என்று எழுதியிருக்கும் போர்ட்களில் ஒன்றில் செருக வேண்டும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று தட்டினால், டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் ரவுட்டரின் முகவரி இருக்கும். உங்கள் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் எண் எதுவும் தரவில்லை, லேப்டாப் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள். கேபிள், போர்ட், ரவுட்டரின் பவர் மூன்றையும் சரிபாருங்கள். பழுது எங்கே என்று இப்படி ஒரே வரியில் காட்டிக்கொடுக்கும் வசதி ஆப்பில் அரிது. அங்கே ‘ஏதோ தவறு நேர்ந்தது, மீண்டும் முயலுங்கள்’ என்பதோடு சரி.

கேபிளுக்கு இன்னொரு நன்மை. வைஃபை பெயரையோ பாஸ்வேர்டையோ மாற்றி சேமித்த நொடியில், வைஃபையில் இருப்பவர் எல்லாரும் வெளியே தள்ளப்படுவார்கள், மாற்றியவரும்தான். கேபிளில் இருப்பவர் அப்படியே இருப்பார். தவறாகத் தட்டியிருந்தால் அங்கேயே திருத்தலாம். ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும்போதும் அப்படித்தான். கோப்பு பாதி ஏறுகையில் இணைப்பு அறுந்தால் ரவுட்டர் எழுந்திருக்காமலே போகக்கூடும் என்பதால், கையால் ஏற்றும்போது கேபிளில் செய்யச் சொல்வது வழக்கம்.

ஃபைபர் வீட்டில்: லேப்டாப் முந்துகிறது

இன்று நம் ஊர்களில் ஃபைபர் கனெக்‌ஷன் எடுத்தால், நெட்காரர் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியே பெரும்பாலும் வைஃபையும் தருகிறது. மாடிக்கு எட்டவில்லை, உள்ளறையில் சிக்னல் இல்லை என்று அதற்குப் பின்னால் நாம் இன்னொரு ரவுட்டர் வாங்கி மாட்டுகிறோம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டும் 192.168.1.1 என்ற ஒரே எண்ணில் உட்கார்ந்திருந்தால் எது எது என்று தெரியாமல் நெட் தடுமாறும். எண்கள் வேறாக இருந்தாலும், இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முகவரி மாற்றும் வேலை செய்வதால் சில ஆன்லைன் கேம்களும், வெளியிலிருந்து பார்க்கும் சிசிடிவியும் மக்கர் செய்யும்.

இதற்கு மூன்று தீர்வுகள். எண் மோதல் மட்டும் என்றால் புது ரவுட்டரின் எண்ணை 192.168.2.1 என்று மாற்றலாம். அதை முகவரி மாற்றாமல் வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட்டாக ஓடவிடலாம். அல்லது நெட்காரரின் பெட்டியை, நெட்டை மட்டும் கடத்திவிடும் பிரிட்ஜ் முறையில் போடச் சொல்லி, நெட் கணக்கின் பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டைப் புது ரவுட்டரில் கொடுக்கலாம். முதலில் இணைந்த கருவியின் வன்பொருள் அடையாள எண்ணான மேக் முகவரியை மட்டும் நெட்காரரின் பக்கம் பதிவுசெய்து வைத்திருந்தால், பழைய முகவரியைப் புது ரவுட்டரில் போடும் மேக் குளோன் வசதியும் தேவைப்படும். லேப்டாப் பக்கத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் இடம் இருக்கும். பார்த்தால் பயமாக இருந்தாலும், தேடினால் கிடைக்கும். பல ஆப்களில் இவற்றில் ஒன்றிரண்டுதான் கிடைக்கும். மீதிக்கு ஆப்பே ‘பிரவுசரில் திறக்கவும்’ என்று கைகாட்டும்.

அலைவரிசை விஷயமும் இதே கதை. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிப் போகும், வேகம் குறைவு; 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவருக்குத் தோற்கும். இரண்டையும் ஒரே பெயரில் கட்டிவிடுவது ஆப் வழி ரவுட்டர்களின் பழக்கம். 2.4 மட்டுமே தெரிந்த ஸ்மார்ட் பல்பையோ மலிவு கேமராவையோ சேர்க்கும்போது அது இடறும். லேப்டாப் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிடலாம். அடுக்குமாடியில் எல்லா வீட்டு வைஃபையும் நெரிசலடிக்கும்போது, 2.4இல் ஒன்றோடொன்று மேற்பொருந்தாத 1, 6, 11 என்ற சேனல்களில் காலியாக இருப்பதைக் கையால் தேர்ந்தெடுக்கவும் முடியும்.

பாதுகாப்பு: இரண்டு பக்கமும் ஓட்டை

லேப்டாப் வழியே பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டால் அது நேர்மையாக இருக்காது. பழைய ரவுட்டர்களின் பக்கம் அட்மின், அட்மின் என்று தட்டினாலே திறந்துவிடும். வைஃபை பாஸ்வேர்டை மாற்றியவர்கள் பலர் இந்த உள்பக்க பாஸ்வேர்டை மாற்றியதே இல்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல் கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது இந்த அலட்சியத்தால்தான். தொழிற்சாலையிலேயே வைக்கப்படும் யூசர்நேம், பாஸ்வேர்ட் ஜோடிகள் சுமார் 60 அதனிடம் இருந்தன; அவ்வளவே போதுமாக இருந்தது. இதன் பிறகு சட்டங்களும் வந்தன. எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைப்பதைக் கலிஃபோர்னியா 2020 முதலும் பிரிட்டன் 2024 ஏப்ரல் முதலும் தடைசெய்தன. புதிய ரவுட்டர்கள் எந்த வழியில் திறந்தாலும் முதலில் பாஸ்வேர்ட் வைக்கச் சொல்வதைப் பார்க்கலாம்.

ஆப்பின் பலம், அது நம்மை நம்புவதில்லை என்பது. பாஸ்வேர்டைத் தானே கேட்டு வாங்கும், ஃபர்ம்வேரைப் பல மாடல்களில் ராத்திரியோடு ராத்திரியாகத் தானே புதுப்பிக்கும், புதிதாக ஒரு கருவி வைஃபையில் சேர்ந்தால் அறிவிப்பு தரும். அதன் பலவீனம், தெரியாத கதவையும் திறந்துவைப்பது. கணக்கின் பாஸ்வேர்ட் பறிபோனால், வீட்டு ரவுட்டரை உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் திருகலாம். லேப்டாப் வழியின் உள்பக்கத்தைத் திறக்கவோ முதலில் வீட்டு வலைக்குள் வந்தாக வேண்டும்.

அணைக்க வேண்டியதை அணைப்பதில் லேப்டாப் கைகொடுக்கும். உதாரணம், பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு பின் எண்ணால் கருவியை வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ். 8 இலக்க பின் என்றால் கோடிக்கணக்கில் முயல வேண்டும் என்று நினைப்போம். அதை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், கடைசி இலக்கமும் வெறும் சரிபார்ப்பு எண் என்பதால், 11,000 முயற்சிக்குள் உடைக்கலாம் என்பது 2011இல் வெளியானது. அந்த பின் வசதியை அணைக்கும் பொத்தான் உள்பக்கத்தின் வயர்லெஸ் மெனுவில் இருக்கும். அதே இடத்தில் வைஃபையின் பூட்டு முறையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

நெட் நின்ற நாளும் ரவுட்டருக்கு வயதான நாளும்

ஆப்பின் பெரிய பெருமை தொலைவிலிருந்து கையாள்வது. திருநெல்வேலியில் அம்மா தனியாக இருக்கிறார், மகன் துபாயில். வைஃபை பாஸ்வேர்டை விருந்தாளிகளுக்காக மாற்றுவது, ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்வது எல்லாம் மகன் அங்கிருந்தே செய்துவிடலாம். லேப்டாப் பக்கத்தால் இது முடியாது. முடியும்படி ரிமோட் மேனேஜ்மென்ட்டைத் திறந்துவைப்பதும் ஆபத்து. ஆனால் நெட் முற்றாக நின்ற அன்று தொலைவிலிருக்கும் ஆப்பால் ரவுட்டரை எட்டவே முடியாது. உதவி அதிகம் தேவைப்படும் நேரத்தில் துபாய்ப் போன் ‘ஆஃப்லைன்’ என்று மட்டும் சொல்லும். அப்போது வேலைக்கு ஆவது வீட்டிலிருக்கும் ஒரு லேப்டாப்பும் கேபிளும்தான், பாஸ்வேர்ட் அம்மாவுக்கும் தெரிந்திருந்தால்.

ஆயுளைப் பார்ப்போம். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி 2002 கடைசியில் வந்தது. அதன் மென்பொருளின் மூல நிரல் வெளியிடப்பட்டதும், அதை வைத்து ஆர்வலர்கள் எழுதத் தொடங்கியதே 2004இன் ஓப்பன்டபிள்யூஆர்டி. அந்தப் பெட்டி ஒன்று இன்று கிடைத்தால் வேகத்தில் தோற்கும், ஆனால் கேபிளைச் செருகி 192.168.1.1 என்று தட்டினால் அமைத்துக்கொள்ளலாம். தயாரித்தவரின் தயவு தேவையில்லை.

கூகுள் 2015இல் டிபி-லிங்க், ஏசூஸ் இரண்டையும் வைத்துத் தயாரித்த ஆன்ஹப் இதற்கு நேரெதிர். ஆப்பே அதன் ஒரே வாசல். 2023 ஜனவரி 11க்குப் பிறகு அதை ஹோம் ஆப்பில் நிர்வகிக்க முடியாது என்று கூகுள் நிறுத்திவிட்டது. வைஃபை வந்துகொண்டிருக்கும், பாஸ்வேர்டை மாற்ற வழியில்லை. வன்பொருளில் ஒரு குறையுமில்லாத பெட்டிகள், ஏழு ஆண்டு சொச்சத்தில் உரிமையாளர் கைக்கு எட்டாமல் போயின.

எது யாருக்கு

வாடகை வீட்டில் ஓரிரு போன், ஒரு டிவி, நெட்காரரின் பெட்டி ஒன்றே ஒன்று என்றால் ஆப் போதும். அதிலேயே அமைத்து, கணக்குக்கு வலுவான பாஸ்வேர்டும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வைத்துவிட்டால் சரி. சொந்தமாக இரண்டாவது ரவுட்டர் மாட்டுபவர்கள், கேமரா வைத்திருப்பவர்கள், அடுக்குமாடியில் இருப்பவர்கள் முதல் அமைப்பை லேப்டாப்பில் கேபிள் போட்டுச் செய்வதே நல்லது. பிறகு அன்றாடச் சில்லறை வேலைகளுக்கு ஆப்பை வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் சண்டை இல்லை, இரண்டையும் அனுமதிக்கும் ரவுட்டராக இருந்தால்.

ஆகவே முடிவு செய்ய வேண்டிய இடம் கடை. வேகம் எத்தனை எம்பிபிஎஸ், ஆன்டெனா எத்தனை என்று பார்ப்பவர்கள் பிரவுசரில் திறக்கும் பக்கம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். பெட்டியின் அடியில் ஒட்டிய லேபிளில் ஒரு ஐபி முகவரியோ உள்பக்கத்தின் பெயரோ அச்சாகியிருந்தால் அநேகமாக இருக்கிறது என்று கொள்ளலாம். வெறும் கியூஆர் மட்டும் இருந்தால், அந்த ரவுட்டரின் ஆயுள் அந்த ஆப்பின் ஆயுள்தான் என்பதைத் தெரிந்தே வாங்குங்கள்.